குருவிக்காக விட்ட வேலி

அது வேறு குருவி. இந்த அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மனதில் ஓடியது அதுதான். உங்கள் மேஜைக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது கூண்டில் வளர்க்கிற ரகம். உடம்பு முழுக்க ஒரே மஞ்சள், எலுமிச்சம்பழத்துக்கு மூக்கு வைத்த மாதிரி. எங்கள் வயல் குருவிக்குத் தலையும் மார்பும்தான் மஞ்சள். முதுகு காய்ந்த வைக்கோல் நிறம், அதில் கறுப்புக் கோடுகள். இடுப்பில் துருப்பிடித்த இரும்பின் சிவப்பு. பறக்கும்போது வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கீற்று தெரியும். அந்தத் துருச் சிவப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் தப்பே வராது. நீங்கள் என் வயதையும் விலாசத்தையும் கேட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அறிமுகமான உடனே ஒருவர் சுவரில் மாட்டியிருப்பதைக் குறை சொல்வது மரியாதையாக இராது என்று விட்டுவிட்டேன்.

போலீஸ்காரராக இருந்தும் நீங்கள் என்னிடம் தன்மையாகத்தான் நடந்துகொண்டீர்கள். தேநீர் ஆறிவிட்டது என்று வேறு வரவழைத்தீர்கள். "அம்மா, லாரி சத்தம் கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வயசாயிடுச்சு, காது கொஞ்சம் மந்தம். இதுல தப்பு ஒண்ணுமில்ல. எழுதிட்டு வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. வெளியே பெஞ்சில் என் தம்பியின் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்குப் பசிக்கும் நேரம். முடிந்தவரை வளர்த்தாமல் சொல்கிறேன்.

எங்கள் வீடு வயலுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டிலிருந்து மண்பாதை வந்து தார்ச்சாலையில் சேரும். சேருகிற இடத்தில் இரும்புக் கதவு. சரியாக அங்கேதான் சாலை வளைகிறது. கதவுக்கு இரண்டு பக்கமும் உயிர்வேலி, ஆளுயரத்துக்கு மேல் முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும். உள்ளிருந்து வண்டி எடுப்பவருக்குச் சாலை தெரியாது. சாலையில் வருபவருக்குக் கதவு தெரியாது. முன்பெல்லாம் அது ஒரு பொருட்டாக இல்லை. மேட்டில் கல்குவாரி திறந்த பிறகு டிப்பர் லாரிகள் சுமையோடு அந்த இறக்கத்தில் வரத் தொடங்கின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யார் வண்டியை வெளியே எடுத்தாலும் முதலில் நான் போய்ச் சாலையோரம் நிற்க வேண்டும்.

அது கண்ணால் செய்கிற வேலை இல்லை. வளைவில் லாரி கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். காதால்தான் பார்க்க வேண்டும். மேட்டில் ஒரு சிறிய பாலம் இருக்கிறது. சுமை ஏற்றிய டிப்பர் அதில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்துக்கு ஒரு தட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு தட்டு கேட்கும். காலி வண்டி என்றால் தகரம் குலுங்கும். கேட்டால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவேன். கேட்காவிட்டால் கையை இறக்கி "வா" என்பேன். தம்பி டிராக்டரில் உட்கார்ந்தபடி, "அக்கா, வரலாமா?" என்று குரல் கொடுப்பான். என் கையைப் பார்த்து வண்டியை நகர்த்துவான். சாலையை அவன் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

குருவி எனக்குத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். பறவைக் கணக்கு எடுக்கிற ஓர் அம்மாள் ஒருநாள் கழுத்தில் தொலைநோக்கியோடு எங்கள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். "இங்க மஞ்சக் குருவி பாடுதே, எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். "குருவிதானே, வரும் போகும்" என்றேன். சிரித்துவிட்டுத் தொலைநோக்கியை என் கண்ணில் வைத்தார். வேலியின் உச்சியில் ஆண். கொஞ்சம் கீழே, நான் ஊர்க்குருவி என்று நினைத்திருந்த மங்கலான ஒன்று. "அதுதான் பொம்பளைக் குருவி. ஆம்பளைய எல்லாரும் பாத்துடுவாங்க. இவளைக் கண்டுபிடிக்கத்தான் கண்ணு வேணும்" என்றார். பிறகு சொன்னார், "சுத்துவட்டாரத்துல வேற எங்கேயும் இல்ல. எல்லாரும் வேலியப் புடுங்கிட்டாங்க. உங்களுதுதான் மிச்சம். நீங்க பாத்துக்கணும்."

பார்த்துக்கொள் என்று என்னிடம் ஒருவர் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா கடைசியாகச் சொன்னாள். பார்த்துக்கொண்டேன். அவன் ஆளானான், அவனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வந்தாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதில் யார்மேலும் எனக்குக் குறை இல்லை. இதை நானே சொல்லிவிடுவதற்குக் காரணம், நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள், பொறாமை என்று ஒரு சொல்லையும் கூடவே சேர்ப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. தம்பி மனைவியை எனக்குப் பிடிக்கும். கலகலப்பான பெண்.

குருவிக்கு என்ன வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் கேட்காத பறவை அது. அறுவடை முடிந்ததும் அடித்தாளை உழுதுவிடாமல் குளிர்காலம் முழுக்க நிற்க விட வேண்டும். உதிர்ந்த மணியைப் பொறுக்கிக்கொள்ளும். குளிரின் கடைசியில் வயலில் மணி தீர்ந்துவிடும், புதுப் புல் விதை கட்ட இன்னும் நாள் இருக்கும். பட்டினியில் சாவது அப்போதுதான். அப்போது வேலியோரம் தானியம் தூவ வேண்டும். தரையில் தூவ வேண்டும். சிலர் அன்பு மிகுந்து தட்டில் போட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். அது அந்தத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குஞ்சுக்குப் புழு வேண்டும், ஆகவே வயல் ஓரத்தில் மருந்து அடிக்கக் கூடாது. வேலியைக் குளிர்காலக் கடைசியில் மட்டும், அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வெட்டலாம். கூடு வேலியின் அடியில், புல் மறைவில் இருக்கும். முட்டையின் மேல், பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்த மாதிரிக் கோடுகள்.

தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "வேலியே பயிரை மேயுதுக்கா. நிழல் விழுந்து ஓரத்துல ஒரு கதிர்கூட நிமிரல" என்று கேலி செய்வான். ஆனால் நான் சொன்ன ஓரத்தை விட்டுத்தான் உழுவான். குருவிகள் பெருகின. கோடை உச்சியில் மற்றப் பறவைகள் வாயை மூடிக்கொண்ட பிறகும் இது மட்டும் வேலிமேல் உட்கார்ந்து பாடும். ஒரே சுரத்தை வேகமாகப் பலமுறை அடுக்கி, கடைசியில் ஒன்றை நீட்டும். 

தம்பி மனைவி அதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள், "என்ன அண்ணி இது, எனக்கு எனக்கு எனக்கு எனக்குன்னு கேட்டுட்டு, கடைசில சீஈஈன்னு சலிச்சுக்குது. அப்படியே உங்க தம்பி."

"நான் எப்படி எனக்குன்னு கேட்டேன்?" என்றான் அவன்.

"நேத்து குழந்தைக்கு வெச்ச பிஸ்கட்ட யாரு தின்னா? குருவியா?"

மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு நடை வந்ததும் அவள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். நகரத்தில் ஒரு மருந்துக்கடை. காரை அவளே ஓட்டுவாள். காலையில் கார் கதவருகே வந்து நிற்கும், நான் சாலையோரம் போவேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும். சில நாள் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். பாலத்தில் ஈ எறும்பு இருக்காது. இருந்தாலும் கையை இறக்காமல் கொஞ்சம் நிறுத்தி வைப்பேன். நகரத்து வேலை மனிதர்களை அவசரப்படுத்திவிடுகிறது. பொறுமை யாருக்கும் கெடுதல் செய்யாது. "அண்ணி, இன்னைக்கும் லேட்டு. முதலாளி முறைக்கிறாரு" என்பாள். "உயிரோட போய்ச் சேர்ந்தா முறைச்சா என்ன" என்பேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல். தம்பி வெளியூர் போயிருந்தான். நான் கோடி வயலில் தானியம் தூவிக்கொண்டிருந்தேன். அவள் கதவருகே காரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அண்ணி, அண்ணி என்று பலமுறை. குளிர் நாளில் குரல் வயலில் வெகுதூரம் போகும், எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. நான் எழுந்து ஓடினால் எல்லாம் கலைந்துவிடும், அப்புறம் அன்று முழுக்கத் திரும்பாது. ஒரு வேளைத் தீனி போனால் அந்தக் குளிரில் சில செத்துப்போகும். குழந்தைக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான், பிறகு டாக்டரும் அதைத்தான் சொன்னார். அவள் பொறுக்காமல் தானே காரை வெளியே எடுத்தாள். ஒரு டிப்பர் காரின் பின்பக்க விளக்கை உரசிக்கொண்டு போயிற்று. வேறொன்றும் ஆகவில்லை. கண்ணாடித் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

தம்பி வந்ததும் அவள் அழுதாள். "உங்க அக்கா கேக்கற தூரத்துல இல்ல, பாவம். அவங்கள ஏன் இப்படி நாள் முழுக்கக் காவல் நிக்க வெக்கணும்? வேலிய வெட்டிடுங்க" என்றாள். என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். அப்போது வேலியில் பழம் இருக்கிறது, பறவைக்குத் தீனி என்றேன். சரி என்றான். பழம் தீர்ந்ததும் கேட்டான். கூடு கட்டத் தொடங்கிவிட்டது, இனி வெட்டினால் பாவம் என்றேன். அதுவும் உண்மைதான். முதல் குஞ்சுகள் பறந்ததும் கேட்டான். இந்தக் குருவி ஒரு தடவையோடு நிறுத்தாது, மறுபடி முட்டை வைத்திருக்கிறது என்றேன். உண்மைதான். அதை ஒரு பாம்பு குடித்துவிட்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தேன், கிண்ணம் போலக் கூடு மட்டும் இருந்தது, உள்ளே மயிரும் புல்லும் அப்படியே. அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, "குஞ்சு கண்ணு தொறந்திருக்கு" என்றேன். பொய் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாம்பு குடிக்காமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் கண் திறந்துதான் இருக்கும்.

அவனே ஒருநாள் வேலியடியில் குனிந்து பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து, கை கழுவி, என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும், கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். அன்று சிவக்கவில்லை.

"அக்கா, கூடு காலியா இருக்கு. சொல்லியிருக்கலாமே."

நான் சேலை நுனியில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டேன்.

"முழுசா வெட்டப் போறதில்ல. வளைவு கிட்ட மட்டும், ஒரு வண்டி நீளம். ரோடு தெரிஞ்சா போதும். மீதி வேலி பூரா உன் குருவிக்குத்தான். நான் தொட மாட்டேன்."

"அது பாடறதே அந்த வளைவுலதான்."

"நாலு அடி தள்ளி உக்காந்து பாடட்டும். அதுக்கென்ன, வாடகையா குடுக்குது?" என்று சிரித்தான். பிறகு என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். "வெயில்ல மழைல நின்னு நின்னு நீ கறுத்துப் போயிட்டக்கா. இனிமே அங்க வந்து நிக்க வேண்டாம். போதும். நிம்மதியா உக்காரு."

உட்காருவதற்கு ஒரு நாற்காலியும் வாங்கி வைத்திருந்தான். மெத்தை தைத்தது, சாய்ந்துகொள்ளலாம். பின்கட்டில், தோட்டத்தைப் பார்க்கப் போட்டிருந்தான். அவர்கள் இருவரும் கடைக்குப் போய்த் தேடித் தேர்ந்தெடுத்தார்களாம். மறுநாள் அவன் வயலுக்குப் போன பிறகு அதில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாற்காலி. முதுகுக்கு இதமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கொடியில் காயும் துணி தெரியும், தண்ணீர்த் தொட்டி தெரியும். சாலையோ கதவோ தெரியாது. அண்ணி என்றோ அக்கா என்றோ யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு இனிக் காரணம் இருக்காது என்று தோன்றியது. அடுத்த நிமிடமே குருவியை நினைத்துக்கொண்டேன். அந்த வளைவுதான் அதற்கு மேடை. அங்கே நின்று பாடித்தான் அது துணையைக் கூப்பிடும். அதை எடுத்துவிட்டால் எங்கே போகும். என் கவலை முழுக்க அதைப் பற்றித்தான் இருந்தது. என்னைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வேலி வெட்டுவதென்று முடிவான அன்று காலை அவன் டிராக்டரில் வேலி வெட்டும் மிஷினைப் பூட்டினான். நீளக் கை வைத்த மிஷின், பெரிய சத்தம் போடும். அதற்கென்று காதை மூடிக்கொள்ளும் ஒரு சாதனம் இருக்கிறது, தலையில் மாட்டிக்கொண்டான். உள்பக்கத்தை வயலில் நின்றே வெட்டிவிடலாம். வளைவை வெட்ட வேண்டுமானால் சாலைக்கு வர வேண்டும்.

"உனக்கு இஷ்டமில்லன்னா வராதக்கா. நானே இறங்கிப் பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்றான்.

"வேண்டாம். நான் நிக்கிறேன்" என்றேன்.

இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவன் என்னை வற்புறுத்தவில்லை. தம்பி மனைவி வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கையசைத்தாள்.

நான் சாலையோரம் போய் நின்றேன். பளிச்சென்ற வெயில். ஆண் குருவி வளைவின் உச்சியில் இருந்தது, என் தலைக்கு மேலே, தலையைப் பின்னால் சாய்த்துப் பாடிக்கொண்டிருந்தது. தம்பி கதவருகே வண்டியை நிறுத்தி, காது மூடியில் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, வரலாமா? கடைசித் தடவை காட்டிடு உன் கைய."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் எப்போதும் போல உள்ளங்கையை உயர்த்தி, எப்போதும் போலக் காது கொடுத்தேன். அவசரப்படவில்லை. பாலத்தில் முன்சக்கரம் தட்டியது. பின்சக்கரம் தட்டியது. சுமை வண்டி. இறக்கத்தில் அது வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்கு உள்ளங்கை ரேகை போல. குருவி கடைசிச் சுரத்தை நீட்டும் வரை பொறுத்தேன். பிறகு கையை இறக்கி, "வா" என்றேன்.

கை தானாக இறங்கிவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கையும் தானாக இறங்குவதில்லை.

அவன் வந்தான். பக்கவாட்டில் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

சத்தத்தில் குருவி பறந்துவிட்டது. வெகுநேரம் திரும்பவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாட்டசாட்டமான மனிதர். "நீங்கதானேம்மா கை காட்டினீங்க? நான் வர்றதப் பாத்துட்டுதானே நின்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வளைவுல மெதுவா வரணும் தம்பி" என்றேன். அதுவும் நியாயமான பேச்சுத்தான். தம்பி மனைவி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவளைக் கிட்டே போக விடாமல் நான் பிடித்துக்கொண்டேன். என் தோளில் விழுந்து அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது எனக்கே வியப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னை விட்டு நகர்வதில்லை. காரை எடுப்பதென்றால் கதவுக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு, "அண்ணி, நீங்க போய் நில்லுங்க" என்பாள். நான் கையை எவ்வளவு நேரம் உயர்த்தி வைத்திருந்தாலும் லேட் என்று சொல்வதில்லை. குழந்தையும் என்னிடம்தான் தூங்குகிறது. நாற்காலியைக் கொட்டகையில் போட்டுவிட்டோம்.

நேற்று என்னிடம் அவள் இதையேதான் கேட்டாள், நீங்கள் கேட்டதை. லாரிக்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் நம்பவில்லை. "அந்தாளு தப்பிக்கறதுக்கு உங்க மேல பழி போடறான் அண்ணி. குருவி பாடிட்டு இருந்துச்சு, லாரி சத்தம் காதுல விழலன்னு சொல்லிடுங்க. காது சரியில்லன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எனக்குன்னு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். உங்களையும் கொண்டுபோயிட்டா நான் இந்தப் பிள்ளைய வெச்சுட்டு அந்தக் கதவைத் தாண்டி எப்படிப் போவேன்?" என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன்.

விபத்துக்குப் பிறகு சாலைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து வேலியை முழுக்க எடுக்க வேண்டும் என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பறவை அம்மாள் எனக்காக எங்கெங்கோ முறையிட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடமாக அந்த வேலியில் எத்தனை ஜோடி பாடுகிறது என்பதற்கு என் காது தவிர வேறு சாட்சி இல்லை. அவரே என்னிடம் ஒருமுறை சொன்னார், வயதாக ஆகக் காதிலிருந்து முதலில் போவது இந்தக் குருவியின் அந்தக் கடைசிச் சுரம்தானாம். அனுபவசாலிகள்கூடக் குருவி இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்களாம், குருவி அங்கேயே பாடிக்கொண்டிருக்குமாம். எனக்கு அது இன்னும் முழுதாகக் கேட்கிறது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான். இப்போது நான் உங்களிடம் காது மந்தம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான் கேட்டதாகச் சொன்ன குருவி ஒவ்வொன்றும் கிழவியின் பிரமை ஆகிவிடும். ஒரே நாளில் வேலியை வழித்துவிடுவார்கள். அப்புறம் தம்பி போனதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

லாரிக்காரரை நீங்கள் விட்டுவிடலாம். பாவம், அவர் வழக்கமான வேகத்தில்தான் வந்தார். தம்பி மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைக்குப் பால் ஆற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், அவள் அவசரத்தில் மறந்துவிடுவாள்.

நீங்கள் கேட்கும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அக்காவின் காது தப்பாது என்று நம்பித்தான் அவன் வண்டியை எடுத்தான். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லி அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.